ஒரு சொட்டுகூட ஒழுகாத ட்ரம்

ஜம்புலிங்கம் சார் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையலறைக் குழாயைப் பார்ப்பார். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். குழாய் சொட்டினால் சட்டைப் பையிலிருந்து வாஷரை எடுத்து மாற்றிவிட்டுத்தான் உட்காருவார். பையில் எப்போதும் வாஷர் இருக்கும். காபி கொடுத்தால் டம்ளரைத் தூக்கி அடியை ஒரு பார்வை பார்ப்பார். நாங்கள் பாரிவாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த அன்று பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். அப்போது கண்ணைத் திறந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பக்கத்து வீட்டு ஜம்புலிங்கம். இன்னொருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜம்புலிங்கம் ஜன்னல் வழியே எங்கள் தண்ணீர்க் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் சொன்ன கையோடு என்னிடம் வந்து, “தேவா தம்பி, அந்த எல்போ மூட்டு ஒழுகும்” என்றார். மறுநாள் ஒழுகியது. அன்றிலிருந்தே எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு காட்டம் உண்டு.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பிறந்த மண் குடியாத்தம் பக்கம் என்றாலும் ஆளை வார்த்தது ஆவடிதான். பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் காலத்தைக் கழித்தவர். பீரங்கி வண்டி ஆற்றுக்குள் இறங்கி அக்கரை ஏற வேண்டும். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மூடி சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் உள்ளே வரும். அதனால் ஒவ்வொரு வண்டியையும் தண்ணீரில் நனைத்து, உள்ளே டார்ச் அடித்து, எங்கே ஈரம் பூத்திருக்கிறதோ அங்கே சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போடுவது அவர் வேலை. அவர் வட்டம் போட்டால் வட்டம்தான். மேலதிகாரி வந்து கெஞ்சினாலும் அழியாது.

“செஞ்சவன் வேற, பாக்கறவன் வேறயா இருக்கணும் தம்பி. செஞ்சவனே பாஸ் போட்டா அது பாஸ் இல்ல, பாசம்” என்பார். இந்த வசனத்தை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். பின்னால் இதை அவருக்கே திருப்பிச் சொல்லியிருக்கலாம். அப்போது பார்த்து எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த வேலை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, மூக்கு. ரப்பர் பசையும் டீசலும் சேர்ந்து அதை எப்போதோ முடித்துவிட்டன. சாம்பார் அடிப்பிடித்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

அவர் மனைவி லோகநாயகி அக்கா. அவருக்கு ஆசை என்று இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான், கொலு. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க டிரங்குப் பெட்டிகளை அடுக்கி, மேலே வேட்டி விரித்து மூன்று படி வைத்தார். அந்த ஹாலில் மூன்று படி வைத்தாலே, வந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இருவர் உள்ளே வந்தால் மற்ற இருவர் வராந்தாவில் சுண்டலோடு நிற்க வேண்டும். வாங்கிய பொம்மைகளில் பாதி வருஷா வருஷம் பரணிலேயே கிடந்தன. ‘சொந்த வீடு கட்டினதும் ஒன்பது படி வைப்பேன், நம்ம லைன் பொம்பளைங்க எல்லாரையும் ஒண்ணா உட்கார வச்சுச் சுண்டல் கொடுப்பேன்’ என்று அவர் சொல்லிச் சொல்லியே இந்த வீடு எழுந்தது.

வீடு எழுவதற்குள் லைன் கலைந்துவிட்டது. ஓய்வு பெற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஒருவர் வேப்பம்பட்டு, ஒருவர் பட்டாபிராம், ஒருவர் திருநின்றவூர் என்று போய்விட்டார்கள். கல்யாணம் கருமாதியில் பார்த்துக்கொண்டால் உண்டு. இந்த வருஷம் அத்தனை பேருக்கும் போன் போட்டு, “நவராத்திரிக்கு எங்க வீட்டுக்குத்தான்” என்று வாக்கு வாங்கிவிட்டார் அக்கா. உத்தமன் என்ற ஆசாரியைப் பிடித்து, பின்கட்டில் பலகை இறக்கி, ஒன்பது படி செய்யச் சொல்லிவிட்டார். அந்த உத்தமன் பெயருக்கேற்ற உத்தமன்தான், வந்தால். வந்தது வாரத்துக்கு ஒரு நாள்.

இந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து மகன் விக்ரம் ஒரு ட்ரம் அனுப்பினான். பச்சை நிற பிளாஸ்டிக் ட்ரம். குறுக்கே ஒரு கம்பி, இரண்டு பக்கமும் இரும்புக் கால், சுற்றினால் ராட்டினம் மாதிரிச் சுற்றும். பக்கவாட்டில் ஒரு கதவு. சமையலறைக் குப்பையைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தால் உரம் ஆகுமாம். ‘அப்பாவுக்குப் பொழுது போகும், அடுத்தவங்க வீட்டுக் குழாய் பிழைக்கும்’ என்று பையன் கணக்குப் போட்டிருக்கிறான். நல்ல பிள்ளை.

ட்ரம்மைப் பூட்டி முடித்த ஜம்புலிங்கம் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அதிர்ச்சி.

“பாத்தியா தம்பி, எப்படி ஏமாத்தி அனுப்பி இருக்கானுங்க. உடம்பு பூரா ஓட்டை!”

உண்மைதான். ட்ரம்மின் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளைகள் இருந்தன. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். நாலா பக்கமும் ஒழுகியது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சிவப்பு வட்டம் விழுந்தது. ட்ரம்முக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிற்று.

“காத்துக்கு வச்சிருப்பாங்களோ சார்?” என்றேன். நான் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். எதையாவது எங்கேயாவது படித்திருப்பேன்.

“காத்து போற ஓட்டையில தண்ணி போகாதா?” என்றார்.

அன்று மாலையே எல்லாத் துளைகளையும் எம்சீல் உருட்டி அடைத்தார். கதவைச் சுற்றிப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினார். கதவு திறந்துகொள்ளாமல் இருக்க இரண்டு இரும்பு கிளாம்ப் வைத்து முடுக்கினார். அச்சுக்குக் கிரீஸ் போட்டார். பிறகு ட்ரம் நிறையத் தண்ணீர் பிடித்துப் பகல் முழுக்கக் காவல் இருந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தானே செய்து, தானே பார்த்து, தானே பாஸ் போட்டுக்கொண்டார்.

“லோகா, கொலுவுல பார்க் போட வெளிய மண்ணு தேடாத. என் ட்ரம்ல இருந்து தர்றேன். பாரு, வெந்தயம் எப்படி முளைக்குதுன்னு” என்று மனைவியிடம் வாக்கும் கொடுத்தார். படிக்கு முன்னால் மண் பரப்பி, வெந்தயம் தூவி முளைக்கவிட்டு, நடுவே பொம்மைகளை நிறுத்துவதுதான் பார்க். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஊரில் நல்ல மண் கிடைப்பது குதிரைக் கொம்பு. இருந்த வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் கட்டட இடிபாடு கொட்டி மேடாகிவிட்டது.

ஆடி மாதம் ட்ரம் ஓட ஆரம்பித்தது. தினமும் காலையில் கிளாம்பைக் கழற்றிக் குப்பையைப் போடுவார், முடுக்குவார், சுற்றுவார். காய்த் தோல், மீந்த ரசம், ஊசிப்போன பொரியல், காபிச் சக்கை எல்லாம் உள்ளே போயிற்று. ட்ரம்மும் கிரீஸ் போட்ட அச்சில் சத்தமே இல்லாமல் சுற்றியது. ஆடி முடிவதற்குள் தெரு நாறத் தொடங்கியது.

சாதாரண நாற்றம் இல்லை. காலையில் அவர் கதவைத் திறந்து மூடும் அந்த ஒரு நிமிஷத்தில் கிளம்பும். எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக நுழைந்து, என் மனைவி ஜெபா தாளித்த தாளிப்பை அமுக்கிவிட்டு, வாசல் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருமுனையில் எல்லம்மா இட்லி மாவு விற்கிறார். இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் நிலம். அந்த உரிமையில் எல்லம்மா யாரையும் எதையும் கேட்பார். ஒருநாள் நேராக எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

“இன்னா சார் இது, தெருவே நாறிகினு கீது. மாவு வாங்க வர்றவங்கெல்லாம், ‘இன்னா எல்லம்மா, மாவு புளிச்சிப் பூட்சா’ன்னு மோந்து பாத்துகினு போறாங்கோ. என் பொழப்புல மண்ணப் போடாத. உங்கூட்டு செப்டிக் டேங்க் ஒடஞ்சிகீதா பாரு.”

“எங்க வீட்டுது இல்லைம்மா. பக்கத்து வீட்டு ட்ரம்” என்றேன்.

ஜம்புலிங்கம் மதில்மேல் தலையை நீட்டினார். “என் ட்ரம்மா? அது டெஸ்ட் பாஸான ட்ரம். வா, மோந்து பாரு.”

எல்லம்மா போய் மோந்து பார்த்தார். மூடியிருந்த ட்ரம்மில் ஒரு வாசனையும் வரவில்லை. அடைப்பு அவ்வளவு நேர்த்தி. ஆக, குற்றவாளிக் கூண்டில் என் செப்டிக் டேங்க் மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஜம்புலிங்கம் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக எங்கள் வீட்டுக்கு வந்து, செப்டிக் டேங்க் மூடியைச் சுற்றிப் பூசி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நுரை பூக்கிறதா என்று பார்த்தார். ஒரு மூலையில் பூத்தது. எந்த வீட்டு மூடியில்தான் பூக்காது? உடனே சிவப்பு வட்டம் போட்டார். எல்லம்மா சாட்சி. தெருவில் நாலு பேர் வேடிக்கை. நான் மானத்துக்கு அஞ்சி, டேங்க்கை உறிஞ்சியெடுக்கும் லாரியை வரச் சொன்னேன்.

லாரி வந்து போன அன்றைக்கு ஜம்புலிங்கம் இன்னொரு காரியமும் செய்தார். பிள்ளையார் சதுர்த்தி முடிந்திருந்தது. மீந்த பாயசம், உடைந்த கொழுக்கட்டை, எருக்கம்பூ மாலை, அறுகம்புல், பூசணிக் குடல் எல்லாவற்றையும் ட்ரம்மில் திணித்துக் கிளாம்பை முடுக்கினார். “ஒரு வாரம் திறக்காம வைக்கிறேன். அப்பவும் நாறினா என் ட்ரம் காரணம் இல்லைன்னு உறுதியாயிடும்” என்றார்.

திறக்காததால் நாற்றம் வரவில்லை. ஆனால் லாரி வந்து போனதால்தான் வரவில்லை என்று தெருவே முடிவு கட்டியது. “பாத்தியா தம்பி, உன்னுதுதான்” என்று என் தோளைத் தட்டினார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் அதை நம்பினேன்.

நாற்றம் ஒழிந்த தைரியத்தில் லோகநாயகி அக்கா, வேப்பம்பட்டிலிருந்து, ஜம்புலிங்கத்தோடு வேலை பார்த்த பக்தவத்சலத்தின் மனைவியை முன்கூட்டியே வரவழைத்தார். குவார்ட்டர்ஸ் லைனில் அந்த அம்மாள் சொன்னால் மற்ற பெண்களுக்கு அதுதான் வேதம். ரயிலில் ஆவடி வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துப் பாரிவாக்கம் வந்து இறங்கினார். அக்கா வீட்டைச் சுற்றிக் காட்டி, பின்கட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கொடியில் கொலுப் படிக்கு விரிக்கவேண்டிய வேட்டிகள் கஞ்சி போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்பது படிக்கும் ஒன்பது வேட்டி, கண்ணைப் பறிக்கிற வெள்ளை. துணி எடுக்க வந்த நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

“ஒரு வாரம் ஆச்சு” என்றபடி ஜம்புலிங்கம் வந்தார். விருந்தாளிக்குத் தன் ட்ரம்மைக் காட்டும் ஆசை. முதல் கிளாம்பைக் கழற்றினார். குக்கர் மாதிரி ஒரு சீறல் கேட்டது.

“சார், வேணாம்” என்றேன்.

“கேஸ்கெட் நல்லாப் பிடிச்சிருக்கு தம்பி” என்று பெருமையோடு சொல்லி, இரண்டாவது கிளாம்பைக் கழற்றினார்.

டப்பென்று ஒரு சத்தம். கதவு அவர் தோளை உரசிக்கொண்டு பறந்தது. அதன் பின்னால் பிள்ளையார் சதுர்த்தி முழுவதும் கருப்புக் கூழாக வெளியே வந்தது. ஒன்பது வேட்டியில் ஒன்றுகூடத் தப்பவில்லை. காபி டம்ளரில் ஒரு எருக்கம்பூ மிதந்தது. நாற்றம் அப்புறம்தான் வந்தது. வந்தபோது நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

தலை முதல் கால் வரை நனைந்திருந்த ஜம்புலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “நாறுதா?”

பக்தவத்சலத்தின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி எழுந்தார். நல்ல மாதிரியான அம்மாள்தான், திட்டவில்லை. “லோகா, எல்லாரும் இவ்ளோ தூரம் வந்து எதுக்குச் சிரமப்படணும்? இந்த வருஷம் எங்க வீட்டுலயே சேந்துக்கலாமே. ஒன்பது படி இல்லன்னாலும் அஞ்சு படி இருக்கு” என்றார்.

அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். “அமாவாசை வரைக்கும் பொறுங்கக்கா. அப்பவும் இந்த நாத்தம் இருந்தா உங்க வீட்டுலயே வச்சிக்கலாம்” என்று மட்டும் சொல்லி, வாசல்வரை போய் வழியனுப்பினார். மகாளய அமாவாசைக்குப் படி கட்டி, மறுநாள் கொலு. இடையில் மூன்று வாரம்கூட இல்லை.

திரும்பி வந்தவர் கையில் கடப்பாரை இருந்தது.

ஜம்புலிங்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா ட்ரம்மின் முன் நின்று ஒரே குத்து குத்தினார். அப்புறம் இன்னொன்று. அடைத்த எம்சீல் பெயர்ந்தது. அடைக்காத இடத்திலும் துளை விழுந்தது. “முப்பது வருஷமா… மூணு படி… வச்சேன்” என்று ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வார்த்தை. துளைகளிலிருந்து கருந்தண்ணீர் ஊற்றியது.

“லோகா! லோகா! லீக் ஆவுது!” என்று ஓடி வந்தார் ஜம்புலிங்கம்.

அக்கா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். ஆற்றுக்குள் இறங்குகிற வண்டியைச் சோதித்த மனிதர், அந்தப் பார்வைக்கு முன்னால் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பின்கட்டுக்கே போகவில்லை. சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார், சுவரைப் பார்த்துப் பேப்பர் படித்தார். ட்ரம்மைத் தூக்கிப் போடவும் மனசில்லை, பார்க்கவும் மனசில்லை. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. என் செப்டிக் டேங்க் ஞாபகம் வந்ததும் அது கொஞ்சம் குறைந்தது.

நாற்றத்தை எப்படியாவது மூடியாக வேண்டும் என்று லோகநாயகி அக்காதான் பாடுபட்டார். அதற்குள் உத்தமனுக்கு ஞானோதயம் வந்து தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். பலகையை இழைத்த சுருள் பின்கட்டில் கணுக்கால் ஆழம் கிடந்தது. அக்கா அதை அள்ளி அள்ளி ட்ரம்முக்குள் திணித்தார். பிணத்தின்மேல் மண் தள்ளுகிற வேகம். கழன்ற கதவைக் கயிற்றால் கட்டினார். கிணற்றடிக்குப் போகும்போது ட்ரம்முக்கு ஒரு உதை, திரும்பி வரும்போது ஒரு உதை. கோபம் தீர வேண்டுமே! ஜம்புலிங்கம் போட்ட கிரீஸ் வேலை செய்தது. ஒவ்வொரு உதைக்கும் ட்ரம் நாலு சுற்றுச் சுற்றி நின்றது.

ட்ரம்மோடு குடியிருக்கிற மூக்கை நம்ப முடியாது என்று, தினமும் காலையில் மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் மனைவியிடம் கேட்பார்: “ஜெபா, இன்னிக்கு எப்படி இருக்கு?”

ஜெபா ஜன்னலைத் திறந்து, மூச்சை இழுத்து, தீர்ப்பு சொல்வாள். “நேத்துக்குப் பரவால்லக்கா.” மறுநாள், “முட்டை அழுகினது போய் மோர் புளிச்ச மாதிரி வருதுக்கா.” இன்னொரு நாள், “மழை பெய்யப் போகுதாக்கா? அந்த வாசனைதான் வருது.”

அன்றைக்கு மழை வரவில்லை. எல்லம்மா மாவு டப்பாவோடு வந்து, “இன்னா சார், ஒருவழியா டேங்க்க ரிப்பேர் பண்ட்டியா? இப்பதான் மாவு மாவு மாதிரி கீது” என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

நான் நேராக ஜம்புலிங்கத்திடம் போனேன். “சார், ட்ரம் நாறல.”

“நீயும் கிண்டல் பண்ணு” என்றார் சுவரைப் பார்த்தபடி.

கையைப் பிடித்து இழுத்துப்போனேன். கயிற்றை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டார். அவர் மூக்குக்குத்தான் வேலை இல்லை, விரல் அப்படி இல்லை. ஒரு பிடி அள்ளி நசுக்கினார். கருப்பாக, ஈரமாக, காபிப் பொடிபோல உதிர்ந்தது. முழுக்க மக்கவில்லை, இங்கொரு தோலும் அங்கொரு சுருளுமாகக் கிடந்தன. ஆனாலும் அது மண்தான். துளைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பழக்க தோஷம், சாக்பீஸை எடுத்தார். முதல் துளைக்குப் பக்கத்தில் கை போய் நின்றது. வட்டம் போடாமல் அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டார்.

“வண்டிக்குள்ள இருக்கறவன் பிழைக்கணும்னா அடைக்கணும். இதுக்குள்ள இருக்கறது பிழைக்கணும்னா திறந்து வைக்கணும் போல. புழு பூச்சின்னாலும் மூச்சு வேணுமில்ல? எனக்கு இது தோணவே இல்ல பாரு தம்பி” என்றார்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. காட்டமெல்லாம் அந்த இடத்தில் நிற்கவில்லை.

ஒரு பேசின் நிறைய அந்த மண்ணை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். அக்கா படிகளுக்கு வேட்டி விரித்துக்கொண்டிருந்தார். நாலு தடவை வெளுத்தும் மஞ்சள் கறை முழுசாகப் போகாத வேட்டிகள்.

“பார்க்குக்கு மண்ணு” என்றார்.

“அந்த ட்ரம்மோட மண்ணு என் கொலுவுல கால் வைக்கக் கூடாது.”

“மோந்து பாரு லோகா. எனக்குத் தெரியல. நீதான் சொல்லணும்.”

இந்த வாக்கியத்தை அவர் சொல்லிக் கேட்டதே இல்லை போலிருக்கிறது அக்கா. பிறகு ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பேசினை வாங்கிக் கீழ்ப்படிக்கு முன்னால் கவிழ்த்துப் பரப்பினார். அன்று மாலையே வேப்பம்பட்டுக்குப் போன் போனது: “நம்ம வீட்டுலதான்.”

கொலு வைத்தாயிற்று. ஒன்பது படியிலும் பரணில் கிடந்த பொம்மைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. பார்க்கில் யானை, புலி, கிரிக்கெட் ஆடுகிற பதினோரு பேர், நடுநாயகமாக ஓய்வு பெற்ற அன்று ஜம்புலிங்கத்துக்குக் கொடுத்த பித்தளைப் பீரங்கி வண்டி. கொலுவில் அவர் பங்கு வருஷா வருஷம் அது ஒன்றுதான்.

ஆறாம் நாள் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஹால் கொள்ளவில்லை. ஆனாலும் யாரும் காலை மடக்க வேண்டியிருக்கவில்லை. நுழைந்ததுமே பக்தவத்சலத்தின் மனைவி மூச்சை இழுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன். ஜெபா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரோ பாட ஆரம்பித்தபோது ணங் என்று ஒரு சத்தம்.

பித்தளைப் பீரங்கி வண்டி குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அது நின்ற இடத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு பூசணி முளை, இரண்டு தடித்த இலையை விரித்துத் தலை நிமிர்ந்து நின்றது. அப்புறம்தான் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெந்தயத்துக்கு நடுவே தக்காளி நாற்று கொத்துக் கொத்தாக முளைத்திருந்தது. புலியின் வயிற்றடியில் ஒரு மிளகாய் முளை. விக்கெட் கீப்பருக்குப் பின்னால் இன்னொரு பூசணி.

“ஏ லோகா, இது என்னடி அதிசயம்! எந்த ஊர் மண்ணு?” என்றார் வேப்பம்பட்டு அம்மாள்.

“அவர் செஞ்ச மண்ணு” என்றார் அக்கா. சொல்லும்போது ஒரு கர்வம் இருந்தது.

எல்லோரும் வாசற்படியோரம் நின்றிருந்த ஜம்புலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய பாஸுக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களின் மனைவிமார். அவர் தொண்டையைச் செருமினார்.

“நான் செய்யல. நான் அடைச்சேன், நானே பாஸ் போட்டேன். அந்தப் பாஸ் தப்பு. ஓட்டை போட்டது லோகா. செஞ்சது அவதான்.”

ஜம்புலிங்கம் போட்ட பாஸ் தப்பு என்று ஜம்புலிங்கமே சொன்னதை அந்த லைனில் யாரும் கேட்டதில்லை. அக்கா சுண்டல் தட்டை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை ஜெபா பார்த்துவிட்டு எனக்கு ஜாடை காட்டினாள். அன்று தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு பிடி மண்ணும் கேட்டு வாங்கிப் போனார்கள். கவிழ்ந்த பீரங்கி வண்டியை யாரும் நிமிர்த்தவில்லை. ஜம்புலிங்கமும் நிமிர்த்தவில்லை, முளை நசுங்கிவிடும் என்றார்.

விஜயதசமி முடிந்த மறுநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் பெயின்ட் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ட்ரம்மில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெள்ளை வட்டம். கதவின்மேல் அச்சடித்த மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்:

செய்தது: லோகநாயகி. பார்த்தது: ஜம்புலிங்கம். ஓகே.

“ஒழுகுதே சார்” என்றேன்.

“ஒழுகணும்” என்றார், அதட்டலாக.

கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்த லோகநாயகி அக்கா, பழக்கத்தில், போகிற போக்கில் ஒரு உதை விட்டார். ட்ரம் சுற்றியது. காயாத ஓகே ஈஷிக்கொண்டது. ஜம்புலிங்கம் ட்ரம் நிற்கும்வரை பிரஷ்ஷைப் பிடித்தபடி காத்திருந்து, துணியால் துடைத்துவிட்டு, மறுபடி எழுதினார்.